அந்தச் சிரிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மூளை வளர்ச்சி கொஞ்சம் குறைவு என்று சிறுவயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்புவரை படித்தான். இப்போது மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறான். பாட்டு என்றால் அவனுக்கு உயிர். மார்கழி பஜனையில் பத்து வயதிலிருந்து பாடி வருகிறான். சென்ற ஆண்டு என் கணவர் அவனை ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு அழைத்துப்போனார். முதல் இரண்டு சுற்றுகளில் ‘நன்றாகப் பாடுகிறாய்’ என்று சொல்லித் தேர்வு செய்தார்கள். பிறகு நடுவர்கள் முன்னால் நிறுத்தி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். ‘உனக்குக் காதலி உண்டா’ என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒளிபரப்பில் வேடிக்கையான ஒலிகளையும் சேர்த்திருந்தார்கள். அந்தக் காட்சி இன்றும் எல்லாருடைய கைப்பேசியிலும் சுற்றுகிறது. பஸ் நிலையத்தில் பையன்கள் அதைச் சொல்லியே அவனைக் கூப்பிடுகிறார்கள். இப்போது ‘மறக்க முடியாத போட்டியாளர்கள்’ என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சிக்கு மீண்டும் அழைக்கிறார்கள். ஐயாயிரம் ரூபாய் தருவார்களாம். அப்பா அனுப்பலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் தம்பி இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு யாராவது வந்து கேட்டால், நடுவர் பேசியதையும் தான் பேசியதையும் அவனே நடித்துக் காட்டுவான். எல்லாரும் சிரிப்போம், அவனும் சிரிப்பான். என் எட்டு வயது மகள்கூட அச்சு அசலாக அவனைப் போலவே செய்வாள். அவனை அனுப்பலாமா? அனுப்பினால், இந்த முறை கேலிக்கு ஆளாகாமல் இருக்க எப்படித் தயார்ப்படுத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அனுப்பக் கூடாது. அந்தக் கேள்வியில் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்கும் அது தெரிந்துதான் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது போன்ற கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. நடனப் போட்டியில் அழுத மகளின் தாய், நடுவர் திட்டிய பிறகு பள்ளிக்குப் போக மறுக்கும் பையனின் தந்தை என்று எழுதுகிறவர்கள் மாறுவார்கள். கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: அடுத்த முறைக்குப் பிள்ளையை எப்படித் தயார்ப்படுத்துவது? அவமானப்பட்டவனையே இன்னும் திருத்தப் பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. ‘வீட்டுக்கு யாராவது வந்து கேட்டால்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த யாராவது யார்? சித்தப்பாவா, எதிர்வீட்டுக்காரரா, உங்கள் கணவரின் நண்பர்களா? அவர்கள் கேட்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அவன் எழுந்து நிற்பதற்கு நாற்காலியை நகர்த்தி இடம் ஒதுக்கித் தருவது யார்? ‘போதும், அவனை விடுங்கள்’ என்று அந்த வீட்டில் ஒருவராவது ஒருமுறையாவது சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். தொலைக்காட்சியில் அந்தக் காட்சி சில நிமிடங்கள்தான் ஓடியிருக்கும். உங்கள் கூடத்தில் அது ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

‘அவனும் சிரிப்பான்’ என்பதை நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துத்தான் நான் கலங்கினேன். சிறுவயதிலிருந்து பேச்சில் பின்தங்கிய ஒருவன், பத்துப் பேர் கூடிய இடத்தில் எதற்காகத் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்துக் கற்றுக்கொள்வான். புத்தி மெதுவாக வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் மிக வேகமாகப் புரியும். அதை நடித்தால் எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள், தோளில் தட்டுகிறார்கள், ‘இன்னொரு தடவை’ என்று கேட்கிறார்கள். நடிக்காவிட்டால்? பழையபடி மூலையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறவன்தான். அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று எதிர்பார்த்தீர்கள்? அவன் சிரிப்பதை வைத்து அவனுக்கு வலிக்கவில்லை என்று முடிவு செய்வது உங்களுக்கு வசதியாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதிலிருந்து மார்கழிக் குளிரில் எழுந்து பாடிய பையன் இப்போது பாடுகிறானா? பாட்டு அவனுக்கு உயிர் என்கிறீர்கள். ஆனால் நிகழ்ச்சிக்குப் பிறகு அவன் பாடியதாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. நடித்துக் காட்டுகிறான் என்று மட்டும் இருக்கிறது. போன மார்கழியில் பஜனைக்குப் போனானா? கடையில் பொட்டலம் கட்டும்போது வாய்க்குள்ளாவது முணுமுணுக்கிறானா? இதைக் கவனிக்காத நீங்கள், அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அந்தத் தொலைக்காட்சிக்காரர்களை நான் விட்டுவிடப் போவதில்லை. முதல் இரண்டு சுற்றுகளில் அவன் பாட்டைக் கேட்டவர்களுக்குக் காது இல்லையா? அவன் எப்படிப் பாடுகிறான், எப்படிப் பேசுகிறான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் நடுவர்கள் முன்னால் அனுப்பினார்கள். இங்கே மட்டும் நடப்பதல்ல இது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்தகைய நிகழ்ச்சிகளில் ஆயிரக்கணக்கானவர்களைத் தயாரிப்புக் குழுவினர்தான் முதலில் கேட்டு வடிகட்டுகிறார்கள். மிக நன்றாகப் பாடுகிறவர்களும் மேலே போவார்கள், சிரிக்கவைக்கக் கூடியவர்களும் மேலே போவார்கள். இரண்டு பேரிடமும் ‘தேர்வாகிவிட்டாய்’ என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது மேடையில் ஏறியவனுக்கு மட்டும் தெரியாது. ஊருக்கெல்லாம் சொல்லி, நல்ல சட்டை போட்டு, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு போயிருப்பான் உங்கள் தம்பி. பாடத் தெரியாதவனைப் பாடத் தெரியவில்லை என்று சொல்லி முதல் நாளே திருப்பி அனுப்பியிருந்தால் அதில் தவறே இல்லை. நம்பிக்கையை ஊட்டி ஊட்டி வளர்த்து, கேமரா முன்னால் வைத்து உடைத்தார்களே, அதைத்தான் நான் பாவம் என்கிறேன்.

உங்கள் அப்பாவோ கணவரோ சூசன் பாயிலின் கதையை எடுப்பார்கள். எல்லாரும் எடுக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த அந்தப் பெண் 2009 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்’ என்ற திறமைப் போட்டி நிகழ்ச்சியில் மேடையேறினார். வயது 47. வயதைச் சொன்னதும் அரங்கத்தில் கேலிச் சிரிப்பு எழுந்தது. தொழில்முறைப் பாடகியாக வேண்டும் என்று சொன்னதும் கூட்டத்தில் ஒரு பெண் முகம் சுளித்தார். கேமரா அந்த முகத்தைத் தேடிப் பிடித்துக் காட்டியது. பிறகு அவர் பாடினார், அரங்கமே எழுந்து நின்றது, உலகம் முழுவதும் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. சரி, அவருக்கு அந்தக் குரல் இல்லாமல் இருந்திருந்தால்? அந்தச் சிரிப்பு நியாயமாகியிருக்குமா? நன்றாகப் பாடியதால்தான் அவருக்கு மரியாதை கிடைத்தது என்றால், பாடத் தெரியாதவனுக்கு மரியாதை வேண்டாம் என்றுதானே ஆகிறது? அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. அந்த ஆண்டு மே 30 அன்று இறுதிச் சுற்றில் இரண்டாம் இடம் பெற்ற அவர், மறுநாளே மனச்சோர்வோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறக்கும்போது மூளைக்குச் சேதம் ஏற்பட்டது என்றே அதுவரை அவரிடம் சொல்லி வந்திருந்தார்கள். அது ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை என்று பின்னர் கண்டறியப்பட்டதை 2013இல் அவரே வெளியே சொன்னார். அவ்வளவு பெரிய குரல் இருந்தும் அவர் பட்ட பாடு அது. உங்கள் தம்பிக்கு அந்தக் கவசமும் கிடையாது.

2008இல் கொல்கத்தாவில் ஒரு நடனப் போட்டியில் நடுவர்களின் கடுஞ்சொல்லைக் கேட்ட 16 வயதுச் சிறுமி பேச்சிழந்து, கைகால் அசைக்க முடியாமல் போய், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை வரை கொண்டுசெல்லப்பட்ட செய்தியைப் படித்தபோது, இனியாவது நிறுத்துவார்கள் என்று நம்பினேன். குழந்தைகளுக்காகச் சில விதிகள் வந்தன. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதன் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கவும் கூடாது. பிரிட்டனில் 2021 ஏப்ரல் முதல், எளிதில் புண்படக்கூடிய பங்கேற்பாளர்களின் நலனைக் கவனிப்பது ஒளிபரப்பு நிறுவனத்தின் கடமை என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதித்துவிட்டது. உங்கள் தம்பிக்கு வயது 24. குழந்தைகளுக்கான காவல் அவனுக்குக் கிடைக்காது. அதனால்தான் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் காவலாக இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் சட்டம் அவனை முழுவதும் கைவிட்டுவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 92ஆம் பிரிவைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், ஊனத்தைப் புரிந்துகொள்ளவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று ஒரு திரைப்பட வழக்கில் பிரித்துக் காட்டியது. படிவத்தில் தம்பி கையெழுத்துப் போட்டிருப்பான், இனி என்ன செய்வது என்று அப்பா சொல்லக்கூடும். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவனுக்கு யார் படித்துச் சொன்னது என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் அந்தத் தொலைக்காட்சிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள். ஒளிபரப்பான தேதி, நிகழ்ச்சி, தம்பியின் நிலை, அந்தக் காணொலியைத் தங்கள் யூடியூப் பக்கத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நீக்க வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவும் அதில் இருக்கட்டும். 2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவர்கள் பதிலில் உங்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால், அடுத்த 15 நாட்களுக்குள் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தம்பியின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால், இருபத்து நான்கு வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான் இன்னொரு முறை கோபப்பட வேண்டியிருக்கும்.

அவனைப் போட்டிக்கு அழைத்துப்போனவர் உங்கள் கணவர். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் மச்சானை ஒரு மேடைக்குக் கூட்டிப்போகிறவர் அங்கே அவனுக்கு ஆபத்து என்றால் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டும் வர வேண்டும். அவர் அன்று எங்கே இருந்தார்? கேமராவுக்குப் பின்னால் நின்று கைதட்டினாரா? அப்பாவுக்கு அந்த ஐயாயிரம் அவ்வளவு அவசியம் என்றால், நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து அதைக் கொடுத்துவிடுங்கள். உங்களால் முடியாத தொகை அல்ல. அக்கா என்று சொல்லிக்கொண்டால் அதற்கு இப்படிச் சில செலவுகள் உண்டு.

உங்கள் மகளைப் பற்றி ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அப்படி விட மாட்டேன். அவன் அவளுடைய தாய்மாமன். நம் பக்கத்து வழக்கப்படி அவன் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்குக் காது குத்தியிருப்பீர்கள். நாளைக்கு அவள் பெரியவளானால் சீர் கொண்டுவர வேண்டியவனும் அவன்தான். அந்த மாமனை நடித்துக் காட்டி அவள் கைதட்டல் வாங்குகிறாள், பெரியவர்கள் ரசிக்கிறீர்கள். எட்டு வயதில் அவளுக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுவது பதினெட்டு வயதில் குணமாக நின்றுவிடும். உங்கள் காலத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு வேளைச் சோறு யார் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? இந்தப் பெண்தான். அவளிடம் இன்றைக்கே பேசுங்கள். கண்டிப்பாகப் பேசுங்கள், ஆனால் அவன் காதில் விழாத இடத்தில் பேசுங்கள்.

தம்பியிடம் ‘இனி நடிக்காதே’ என்று தடை போடாதீர்கள். தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். அடுத்த முறை விருந்தாளி கேட்கும்போது, அவன் எழுவதற்கு முன்னால் நீங்கள் எழுந்து, ‘அது எங்கள் வீட்டில் இனி இல்லை’ என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். சித்தப்பாவாக இருந்தாலும் சொல்லுங்கள். அவருக்கு முகம் சுருங்கினால் சுருங்கட்டும். இரண்டு மூன்று முறை சொன்னால் கேட்பது நின்றுவிடும். பிறகு ஒருநாள், யாரும் இல்லாதபோது, ‘அன்றைக்கு அவர்கள் சிரித்தபோது உனக்கு எப்படி இருந்தது’ என்று கேட்டுவிட்டு, அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருங்கள். ஒரு வருடமாக யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை.

அழைத்தவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் பொறுப்பை அப்பாவிடமோ கணவரிடமோ விடாதீர்கள். ‘அவன் வர மாட்டான். பழைய காட்சியையும் அந்தச் சிறப்பு நிகழ்ச்சியில் போடக் கூடாது’ என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். ஆள் வராவிட்டாலும் பழைய காட்சியை எடுத்து ஓட்டிவிடுவார்கள். அதே நாளில் அதை எழுதியும் அனுப்புங்கள், நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.