வாசிப்புத் திறனை அளக்கக் கூகுள் படிவம் போதுமா?

நான்காம் வகுப்பு ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே எம்.எட். பயிலும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "'அ' பிரிவு மாணவர்கள் தங்கள் வாசிப்பைக் கைபேசியில் பதிந்து, கேட்டுத் திருத்திப் பழகுகிறார்கள், 'ஆ' பிரிவில் வழக்கமான பயிற்சி. ஆறு வாரம் கழித்துக் கூகுள் படிவத்தில் கருத்துக் கேட்டு, எக்செல்லில் டி-சோதனை (இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் கணக்கு) செய்தால் ஆய்வேட்டுக்குப் போதுமா?"

போதாது. பயிற்சி பிடித்திருந்தது என்று குழந்தை சொல்வது வேறு, அதன் வாசிப்பு முன்னேறியிருப்பது வேறு. அதிலும், தட்டுத்தடுமாறி வாசிக்கும் ஒன்பது வயதுக் குழந்தைக்குப் படிவம் அனுப்பினால், வீட்டில் அக்காவோ அம்மாவோ நிரப்பிய விடைதான் பெரும்பாலும் வந்து சேரும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-இல் தொடங்கிய, குழந்தைகளின் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் ஆய்வில், எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிகளில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே வாசிக்கச் செய்தே அதன் நிலையைக் குறிக்கிறார்கள். உங்களுக்கும் அதுவே வழி.

பயிற்சி தொடங்குமுன்பே இரு பிரிவினரையும், அவர்கள் அதுவரை பார்த்திராத ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் செய்து பதிவு செய்யுங்கள். பின்தேர்வுக்கு அதே கடினநிலையில் வேறு பத்தி வேண்டும். ஆங்கில ஆய்வுகளைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ண வேண்டாம்: 'பூ' ஒரு சொல், 'போய்க்கொண்டிருந்தான்' என்பதும் ஒரு சொல், முன்னதில் ஓர் எழுத்து, பின்னதில் பத்து. சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுவதே தமிழுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. 'வாழைப்பழம்' என்பதைக் குழந்தை 'வாளப்பளம்' என்று வாசித்தால் அதை ஊர்ப் பேச்சாகவே கொள்வேன், பிழையாகக் கொள்ள மாட்டேன். நீங்கள் எப்படி முடிவு செய்தாலும், மதிப்பிடத் தொடங்குமுன் அந்த விதியை எழுதி வைத்துவிடுங்கள்.

கைபேசி உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். கோப்புகளுக்குப் பெயர் இல்லாமல் எண் மட்டும் இட்டு, எந்தப் பிரிவு, எந்தத் தேர்வு என்று அறியாத மற்றோர் ஆசிரியரையும் கேட்டு மதிப்பெண் இடச் செய்தால், இருவர் மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்து நம்பகத்தன்மையைக் காட்டலாம். 'அ' பிரிவினருக்குக் கைபேசி முன் வாசித்துப் பழக்கம் இருக்கும், மற்றவர்களுக்குக் கூச்சம் இருக்கும். ஆகவே 'ஆ' பிரிவினருக்கும் தேர்வுக்கு முன் ஓரிரு நாள் பழக்கம் கொடுங்கள். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தக் குரலையும் பதியாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் பகிரவும் கூடாது.

எக்செல்லின் டி-சோதனையில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகை இணைச் சோதனை. ஒரே மாணவரின் முன், பின் மதிப்பெண்களுக்கே அது பொருந்தும். இரு பிரிவுகளின் முன்னேற்றத்தை ஒப்பிட மூன்றாம் வகையைத் தேர்ந்தெடுங்கள்; அது இரு தனிக் குழுக்களை, அவற்றின் மதிப்பெண் பரவல் சமம் என்று கொள்ளாமல் ஒப்பிடுவது. முன்தேர்விலேயே பிரிவுகள் வேறுபட்டிருந்தால் அந்தத் தொடக்க வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு பின்தேர்வை ஒப்பிடும் அன்கோவா பகுப்பாய்வு வேண்டும்; ஜாஸ்ப் போன்ற இலவச மென்பொருளில் அதைச் செய்யலாம்.

எந்த மென்பொருளாலும் தீராத குறை ஒன்று உண்டு. ஒரு முறைக்கு ஒரு வகுப்பறைதான் என்பதால், பலன் பயிற்சியால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். கால அவகாசம் இருந்தால், ஆறு வாரம் முடிந்ததும் 'ஆ' பிரிவுக்கும் அதே பயிற்சியைக் கொடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். அங்கும் அதே அளவு ஏற்றம் தெரிந்தால் உங்கள் முடிவுக்கு வலுக் கூடும், அந்தப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கிடைத்துவிடும்.