‘எனக்கு நெர்வியோஸ்’ என்கிறார் நோயாளி: மனநலக் கேள்வி–பதில்

அமெரிக்காவில் மனநலப் பணியில் இருக்கும் நம் வாசகர்கள் சிலர், லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து குடியேறியவர்களுக்குச் சிகிச்சை தரும்போது எழும் சந்தேகங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

ஹூஸ்டனில் சமூக கிளினிக் ஒன்றில் கவுன்சலராக இருக்கிறேன். ஹோண்டுராஸ் நாட்டுப் பெண் ஒருவர், ஊரில் அம்மா இறந்த செய்தி போனில் வந்ததும் அலறி, நடுங்கி விழுந்திருக்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் ‘பேனிக் அட்டாக்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவரோ ஸ்பானிஷில் ‘அத்தாக்கே தே நெர்வியோஸ்’, அதாவது ‘நரம்புத் தாக்குதல்’ என்கிறார். இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. பேனிக் அட்டாக் பெரும்பாலும் காரணமே தெரியாமல் வரும். செத்துவிடுவோமோ என்ற பயம்தான் அதன் மையம். அத்தாக்கேவுக்கு அநேகமாக ஒரு காரணம் இருக்கும்: சாவுச் செய்தி, பிரிவு, குடும்பச் சண்டை. நெஞ்சிலிருந்து தலைக்கு ஒரு சூடு ஏறும், அழுகையும் கூச்சலும் வரும், கைகால் உதறும், சிலர் மயங்கி விழுவார்கள். நடந்தது சிலருக்குப் பிறகு நினைவில் இருக்காது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5 (2013) பண்பாடு சார்ந்த மனத்துன்பங்களின் பட்டியலில் இதைத் தனியாகவே பதிவு செய்திருக்கிறது. நம்மூர்ப் பேருந்து நிலையச் சுவர் விளம்பரங்களில் பார்க்கும் ‘தாது நஷ்டம்’கூட அதே பட்டியலில்தான் இருக்கிறது!

முதல் தடவை என்றால் வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு நான்கு விஷயங்களைக் கேளுங்கள். இதற்கு முன் எத்தனை முறை வந்தது, ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இடைப்பட்ட நாள்களில் தூக்கமும் பசியும் எப்படி, சாக வேண்டும் என்று தோன்றியதா. துக்கச் செய்தியில் ஒருமுறை வந்தால் அது நோயே இல்லாமலும் இருக்கலாம்; உறவினரைச் சுற்றி உட்காரவைத்து அழ விடுவதே போதும். திரும்பத் திரும்ப வந்தால் மனச்சோர்வு, பழைய வன்முறையின் பாதிப்பு, தற்கொலை எண்ணம் மூன்றையும் தேடியே ஆகவேண்டும். தற்கொலை எண்ணம் இருந்தால் 988 நெருக்கடி எண்ணைக் குறித்துக் கொடுங்கள். அழைத்து 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள்.

டி.எஸ்.எம்.-5 நூலில் பண்பாட்டு நேர்காணல் என்று 16 கேள்விகள் இருக்கின்றன. முதல் சந்திப்பின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ‘இந்தப் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள்?’ என்ற கேள்விக்கு அவர் எந்த வார்த்தையைச் சொல்கிறாரோ, கேஸ் ஷீட்டில் அதையே எழுதுங்கள், அடுத்த சந்திப்பிலும் அதையே சொல்லுங்கள். ‘டிப்ரஷன்’ என்றால் பைத்தியப் பட்டம் கட்டுகிறார்கள் என்று நினைத்து அடுத்த முறை வராமலே போகிறவர்கள் உண்டு. வீட்டில் அவருக்குக் கிடைக்கும் அறிவுரை ‘எச்சாலே கானாஸ்’, அதாவது ‘மனசைத் திடப்படுத்திக்கோ’. நீங்களும் அதையே சொல்லிவிடாதீர்கள்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பி.எச்.க்யூ.-9-இல் ஒரு சிக்கல். ‘பாதி நாள்களுக்கு மேல்’ என்ற விடை பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களைக் குழப்பும். ஒரு தாளில் கடந்த இரண்டு வாரத்துக்கு 14 கட்டம் வரைந்து, தூக்கம் வராத நாள்களில் கோடு போடச் சொல்லுங்கள். கேள்விகளை வாய்விட்டுப் படியுங்கள். மொத்தம் 27-இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான பரிசோதனை தேவை. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் பூஜ்ஜியத்துக்கு மேல் எது வந்தாலும் அன்றே பேசிவிட வேண்டும்.

நோயாளியின் 12 வயது மகன் இரண்டு மொழியும் நன்றாகப் பேசுகிறான். அவனையே மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

கூடாது. 2010 சுகாதாரச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவுப்படி, உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் வேறு ஆளே கிடைக்காதபோது தவிர, சிறுவர்களைப் பயன்படுத்தக் கூடாது. அப்பா அம்மாவை அடித்ததை மகன் வாயால் சொல்லவைப்பதா? அம்மா சொல்லவே மாட்டார்.

தேர்ச்சி இல்லாத மொழிபெயர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1980-இல் புளோரிடாவில் நடந்தது சாட்சி. 18 வயது இளைஞனின் குடும்பம் ‘இந்தொக்ஸிகாதோ’ என்றது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் சொன்னார்கள். மருத்துவமனை போதை மருந்து என்று புரிந்துகொண்டது. மூளை ரத்தக்கசிவைக் கவனிப்பதற்குள் கைகால்கள் செயலிழந்துவிட்டன.

மொழிபெயர்ப்பாளரை நோயாளிக்குப் பக்கத்தில், சற்றே பின்னால் உட்காரவையுங்கள். பார்வை நோயாளி மேல் இருக்கட்டும். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ‘அவரிடம் கேளுங்கள்’ என்று சொல்லாமல் நேராகக் கேளுங்கள். பெரியவர்களை ‘தூ’ என்று ஒருமையில் அழைக்காமல் ‘உஸ்தெத்’ என்று அழைக்கச் சொல்லுங்கள். நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. சந்திப்புக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் ‘ஸீ, ஸீ’ (ஆமாம், ஆமாம்) என்று மட்டும் பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். குவாத்தமாலாவின் மாம், கிச்சே, மெக்ஸிகோவின் மிஸ்டெக், ஸபோடெக் ஆகிய பழங்குடி மொழிகள் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிஷ் அரைகுறையாகவே தெரிந்திருக்கலாம். ‘சின்ன வயதில் அம்மாவிடம் எந்த மொழியில் பேசினீர்கள்?’ என்று கேட்டால் தெரிந்துவிடும். மாமிலிருந்து ஸ்பானிஷ், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலம் என்று இரண்டு பேர் தேவைப்படலாம்.

படிவத்தில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ஆண், பெண் பேதமின்றிக் குறிக்கும் ‘லத்தீனெக்ஸ்’ என்ற சொல்லைப் போடலாமா?

2024 பியூ ஆய்வில், அந்தச் சொல்லைத் தங்களுக்குப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 4 சதவீதம்தான். நாட்டின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். எல் சால்வடார்காரரை மெக்ஸிகன் என்று அழைத்தால் அவருடைய நம்பிக்கையை மீட்க மூன்று சந்திப்பாவது ஆகும்.

விசா இல்லாதவர்கள் ‘இதை எங்கேயும் எழுதிவிடாதீர்கள்’ என்கிறார்கள். என்ன செய்வது?

எழுதாதீர்கள். கூட்டாட்சி நிதி பெறும் சமூக சுகாதார மையங்களில் கட்டணம் வருமானத்தையும் குடும்ப அளவையும் பொறுத்தது. குடியேற்ற நிலையைக் கேட்க வேண்டியதில்லை என்பது 2025 ஜூலை வரை இருந்த நடைமுறை; இப்போதைய நிலையை உங்கள் மையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ‘நாடு கடத்தப்படும் பயம், தூக்கமின்மை’ என்று எழுதினால் சிகிச்சைக்குப் போதும். அதற்காக, ‘இந்தக் கேஸ் ஷீட்டை யாராலும் பார்க்க முடியாது’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீதிமன்றம் உத்தரவிட்டால் காட்ட நேரிடலாம்.

மருத்துவமனை, பள்ளி, தேவாலயங்களில் குடியேற்றக் கைது நடவடிக்கையைத் தவிர்க்கும் கொள்கை 2025 ஜனவரியில் விலக்கப்பட்டது. ‘கார் பார்க்கிங் வரை வர பயமாக இருக்கிறது’ என்று சொல்பவர் கற்பனை செய்யவில்லை. அதை மருட்சி (டெலூஷன்) என்று குறிக்காதீர்கள். போனிலோ வீடியோவிலோ பார்க்கலாமா என்று கேளுங்கள்.

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தோம். மூலிகை டீயும் குடிக்கிறாராம். விடச் சொல்ல வேண்டுமா?

எந்த டீ? பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மன்ஸானியா என்றால் நம் சீமைச்சாமந்தி. பொதுவாகப் பிரச்சினை இல்லை. ‘இயர்பா தே சான் ஹுவான்’ (ஆங்கிலத்தில் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’) என்றால் உடனே நிறுத்தியாக வேண்டும். மாத்திரையும் அதுவும் சேர்ந்தால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிதமிஞ்சிப்போய் காய்ச்சல், நடுக்கம், வியர்வை, தசை விறைப்பு, படபடப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதை ஏற்கெனவே குடித்து வருபவருக்கு, நிறுத்தி 2 வாரம் கழித்து மாத்திரையைத் தொடங்குவதே வழக்கம்.

கூரந்தேரா எனும் நாட்டு வைத்தியப் பெண் முட்டையால் சுற்றிக் கழித்தால் அதில் கெடுதல் இல்லை; நம் வீடுகளில் உப்பு, மிளகாய் சுற்றிப்போடுவதைப் போலத்தான். ஆனால் வயிற்றுக் கோளாறுக்கு ஆரஞ்சு, மஞ்சள் நிறப் பொடி ஏதும் கொடுக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். ‘அஸர்கோன்’, ‘கிரேத்தா’ என்ற பெயர்களில் வருபவை ஈயம் கலந்தவை. வீட்டில் குழந்தை இருந்தால் அதே வாரம் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள்.