தாயம் விழுவதற்குள் போனை எடுத்துவிடுகிறார்களே!

கேள்வி: விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்கு (9, 13 வயது) தாயம் சொல்லிக்கொடுத்தேன். கால்மணி நேரத்தில் எழுந்து போய் போனை எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் மத்தியானம் முழுக்க ஆடுவோமே?
– வாசகி, விருதுநகர்

பதில்: உங்களுக்குத் தாயம் பாதி, ஊர்ப்பேச்சு பாதி. காய் இறங்காவிட்டாலும் பேச்சு ஓடும். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சில் பங்கில்லை. சும்மா காத்திருப்பதுதான் மிஞ்சும். கணக்கையும் பாருங்கள். 0, 1, 2, 3 என்று புள்ளி வைத்த இரண்டு கட்டைகள் 16 விதமாக விழும். அதில் காயை இறக்கும் தாயம் (இரண்டும் சேர்ந்து ஒரு புள்ளி) இரண்டே விதம், அதாவது எட்டில் ஒன்று. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் சின்னவனுக்கு முதல் காய் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும்.

அதனால் தாயத்தோடு ஐந்துக்கும் காயை இறக்கலாம் என்று வையுங்கள். ஐந்தும் இரண்டு விதமாக விழுவதால் வாய்ப்பு நாலில் ஒன்றாகிவிடும். ஏழுக்கு ஏழு கட்டத்தில் ஒரு காய் நடுக்கட்டம் போய்ப் பழமாக 48 அடி நகர வேண்டும். ஐந்துக்கு ஐந்தில் 24தான். சின்னக் கட்டமே போடுங்கள், ஆளுக்கு இரண்டு காய் போதும். ‘வெட்டினால்தான் உள்கட்டம்’ என்ற விதியை முதல் இரண்டு நாளைக்கு விட்டுவிடலாம். வெட்டையே எடுத்துவிடாதீர்கள், ஆட்டத்தில் காரம் அதுதான். பாட்டி காயை வெட்டப் பாவம் பார்க்கும் பேரன் எந்த ஊரிலும் கிடையாது!

வழுவழுப்பான டைல்ஸில் பித்தளைக் கட்டை சறுக்கி ஓடும், மெத்தென்ற விரிப்பில் சாய்ந்து நின்று சண்டை கிளப்பும். கோரைப்பாய் நல்லது. எல்லாரும் புளியங்கொட்டை வைத்தால் கண் மங்கியவர்களுக்குக் காய் குழம்பும். சோழி, பொத்தான், பாட்டில் மூடி என ஆளுக்கொன்றாக மாற்றுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் வலி. என் மகனோடு கேரம் ஆட ஆசைப்படுகிறார், தரையில் உட்கார முடியவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பலகையை 63 முதல் 70 செ.மீ. உயரத்தில் ஆடாமல் வைத்து, இருவருக்கும் கைப்பிடியில்லாத நாற்காலி போடுங்கள். கைப்பிடி இருந்தால் முழங்கை இடிக்கும். விளக்கு பலகைக்கு நேர் மேலே தொங்கட்டும். பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் காயின் நிழலே வயதானவர் குறியைத் தப்ப வைக்கும். பவுடரைக் கொட்டாமல் லேசாகத் தூவித் துணியால் பரப்புங்கள். போரிக் பவுடர் என்றால், ஆடி முடித்ததும் கை கழுவாமல் பையனைத் தின்பண்டத்தின் பக்கம் விடாதீர்கள்.