வீட்டைச் சுற்றிப் பூச்செடிகள் வைக்க எந்த இடம் ஏற்றது?

சென்னைப் புறநகரில் வடக்குப் பார்த்த மாடி வீடு, முன்புறம் பன்னிரண்டு அடியும் மற்றப் பக்கங்களில் ஐந்தாறு அடியும் காலியிடம், அதில் செம்பருத்தி, குண்டுமல்லி, இட்லிப்பூ ஆகியவற்றை எங்கே வைத்தால் நன்றாகப் பூக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நர்சரிக்குப் போகும் முன்பே இதைக் கேட்டது நல்லது. உரத்தையும் தண்ணீரையும் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். வேர்விட்ட செடியை இடம் மாற்றுவது கடினம்.

முதலில் வெயில். இப்போது எங்கே வெயில் விழுகிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து விழுவதால், கோடையில் உங்கள் முன்புறம் முழுவதும் பளிச்சென்று இருக்கும். அதன்பின் சூரியன் தெற்கே நகர நகர, வீட்டின் நிழல் வடக்கே நீண்டுகொண்டே போகும். வீட்டின் உயரம் இருபது அடி என்று வைத்துக்கொண்டால், டிசம்பர் மாத நண்பகலில் அந்த நிழல் ஏறத்தாழ பதினைந்து அடி விழும். அதாவது மார்கழியில் உங்கள் முன்புறம் முழுவதுமே வீட்டு நிழலில்தான் இருக்கும். ஆண்டு முழுவதும் பூக்கக்கூடிய செம்பருத்தியை வாசலை ஒட்டி வைத்தால் அந்த மாதங்களில் இலைதான் மிஞ்சும்.

குண்டுமல்லியின் கதை வேறு. அது நவம்பர் கடைசியில் கவாத்து செய்யப்பட்டு, அதாவது கிளைகள் வெட்டிவிடப்பட்டு, மார்ச் முதல் கோடை முழுவதும் பூப்பது. மார்ச் மூன்றாம் வாரத்தில் நண்பகல் நிழல் ஐந்தடிக்கும் உள்ளே வந்துவிடுவதால், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, வடக்கு காம்பவுண்ட் சுவரை ஒட்டிய வரிசையை மல்லிக்கே கொடுத்துவிடலாம். வடமேற்கு மூலை இன்னும் சிறப்பு, மாலை வெயிலும் அங்கே சேர்ந்து கிடைக்கும். செம்பருத்திக்குக் கிழக்குப் பக்கம் என்பது என் தேர்வு. காலை வெயில் தாராளமாக விழ வேண்டும் என்பதால், அந்தப் பக்கத்து வீடு எவ்வளவு நெருக்கமாகவும் உயரமாகவும் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். செம்பருத்திகளை நெருக்கி நடாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் மாவுப்பூச்சி விரைவில் பரவும்.

இட்லிப்பூவுக்கு வெயிலைவிட மண்ணைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். புதிதாகக் கட்டிய வீடுகளில் சுவரோரம் நட்ட இட்லிப்பூச் செடியைக் கிட்டே போய்ப் பாருங்கள்: பல இடங்களில் இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகவும், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகவும் தெரியும். சுவரடியில் புதைந்து கிடக்கும் சிமெண்டுக் கட்டிகளும் சுண்ணாம்புக் காரையும் மண்ணைக் காரமாக்கிவிடுவதால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. ஆகவே சுவரிலிருந்து மூன்றடி விட்டு, இரண்டடி ஆழம் தோண்டி, கட்டட இடிபாடுகளை அகற்றி, செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்பிய பிறகே நடுங்கள். துணி துவைக்கும் சோப்புத் தண்ணீர் ஓடும் பக்கம் இட்லிப்பூ வேண்டவே வேண்டாம்.

அடுத்தது வடிகால். ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அது களிமண் தரை. வடகிழக்குப் பருவமழையில் வேர் அழுகிவிடும். அங்கே தரை மட்டத்தில் நடாமல், ஓரடி உயர மேட்டுப்பாத்தி போட்டு அதன்மேல் நட வேண்டும். மாடியிலிருந்து மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்தையும், ஏசியின் அவுட்டோர் யூனிட் அனல் வீசும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

மேற்குச் சுவரோரம் மிஞ்சும் இடத்தில் அரளி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வெயிலையும் வறட்சியையும் அது தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. சிறு குழந்தைகள் விளையாடும் வீட்டிலும், ஆடுமாடு எட்டி மேயக்கூடிய வேலியோரத்திலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நந்தியாவட்டை வைத்தால் பூசைக்கும் பூ கிடைக்கும்.

குழிகளை வைகாசியிலேயே எடுத்து வெயிலில் ஆறவிட்டு, ஆடியில் நடுங்கள். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.