வேனுக்குள் ஓர் இரவு: மின்சாரம் எவ்வளவு தாங்கும்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் பட்டறைக்கு, இரவில் உள்ளேயே தூங்கிப் பயணம் போகும் வேன்கள் வரத் தொடங்கிவிடும். பின் இருக்கையை மடக்கி மெத்தை போட்ட எக்ஸோரா, பழைய வெனட், எப்போதாவது ஒரு ஹைஏஸ். கூடவே கேள்விகளும் வரும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அல்ஸா காரின் சிகரெட் லைட்டர் துளையில் 300 வாட் இன்வெர்ட்டர் மாட்டி, சின்ன ரைஸ் குக்கர் போட்டோம். சற்று நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. இன்வெர்ட்டர் கெட்டுவிட்டதா? (கிள்ளான்)

இன்வெர்ட்டர், அதாவது 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி, நன்றாகத்தான் இருக்கும். ஃபியூஸைப் பாருங்கள். அந்தத் துளைக்குப் பெரும்பாலான கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட். உங்கள் குக்கரோ 300 வாட் கேட்கிறது. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 27, 28 ஆம்பியர் ஓடும். ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தயவுசெய்து அதே இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகிவிடாதீர்கள். அப்புறம் ஃபியூஸுக்குப் பதிலாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயர் எரியும்.

என்னைக் கேட்டால், சூடாக்கும் வேலை எதையும் பேட்டரியிடம் கொடுக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 100 வாட்-மணி (100 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடும் அளவு) வேண்டும். அதே 100 வாட்-மணியில் 10 வாட் காத்தாடி ஒன்று பத்து மணி நேரம் சுற்றும். கோப்பித் தண்ணீர் ஒரு பக்கம், ராத்திரித் தூக்கம் ஒரு பக்கம். சோறும் கோப்பியும் கேஸ் அடுப்பில், வேனுக்கு வெளியே ஆகட்டும். பேட்டரி காத்தாடிக்கும் விளக்குக்கும் பிரிட்ஜுக்கும் இருக்கட்டும்.

100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி புதிதாகப் போட்டேன். 12 வோல்ட் பிரிட்ஜ் நடுராத்திரியில் 'பேட்டரி குறைவு' என்று காட்டி நின்றுவிடுகிறது. காலையில் பார்த்தால் பேட்டரி முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. பேட்டரியை மாற்றித் தரச் சொல்லலாமா? (சிரம்பான்)

மாற்ற வேண்டாம். இதே நோயோடு போன மாதம் ஒரு வெனட் வந்தது. மூடியைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரியிலிருந்து பின் கதவோரம் இருந்த பிரிட்ஜ் வரை நாலு மீட்டருக்கு ஸ்பீக்கர் வயர் ஓடியது. சிவப்பும் கறுப்பும், உள்ளே செம்பின் குறுக்குப் பரப்பு அரை சதுர மில்லிமீட்டர். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நடு முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி, லேசாக உருகி, விரல் வைத்தால் இன்னும் சூடு.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 13.1 வோல்ட். பிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கும்போது அதன் பிளக்கில் 11.7. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 11-க்கும் கீழே போய்விடுகிறது. பிரிட்ஜுக்குத் தெரிவது தன் வாசலுக்கு வரும் வோல்ட் மட்டும்தான். பேட்டரி செத்துவிட்டது என்று அது முடிவு கட்டிவிடுகிறது. நடுவில் காணாமல் போன 1.4 வோல்ட் முழுவதும் வயரில் சூடாகப் போயிருக்கிறது.

6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, சிகரெட் லைட்டர் பிளக்கை எடுத்துவிட்டுத் திருகிப் பூட்டும் பிளக் போட்டேன். அதே பிரிட்ஜ், அதே பேட்டரி. பிரிட்ஜின் பிளக்கில் 12.9-க்குக் குறையவில்லை. சாமான் எல்லாம் பூடு ஜாலான் பசாரில் கிடைக்கும். கடையில் கேட்கும்போது வயரின் மேல் தடிமனைச் சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் உறை தடியாக இருந்து உள்ளே செம்பு மெலிந்திருக்கும். சதுர மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. ஃபியூஸைப் பிரிட்ஜ் பக்கம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் வயர் தேய்ந்து வேனின் உலோகப் பாடியில் பட்டால் அந்த ஃபியூஸ் எதையும் காப்பாற்றாது. ஃபியூஸ் வயரைக் காப்பதற்கு. அதனால் பேட்டரி பக்கம்தான் வைக்க வேண்டும்.

அப்பா இரவில் சி-பேப் மெஷின் (மூச்சு தடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி) போட்டுத்தான் தூங்குவார். ஜண்டா பாய்க் மலைப்பக்கம் போக ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா? (செத்தாபாக்)

தாராளமாக அழைத்துப் போங்கள், ஆனால் கணக்குப் போட்டு. இந்த மெஷின்கள் பல, வெறும் காற்றழுத்தத்துக்கு மட்டும் என்றால், 30 வாட் அளவில்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. தண்ணீரைச் சூடாக்கும் ஈரப்பதப் பெட்டியும் சூடாகும் குழாயும் சேர்ந்தால் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். அவற்றை ஓரிரு இரவு அணைத்து வைக்கலாமா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை என்பதால் பலருக்குச் சிரமம் இருக்காது. ஆனாலும் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்வெர்ட்டர் வழியாக 240 வோல்ட்டுக்கு ஏற்றி, மெஷினின் அடாப்டர் அதை மறுபடி இறக்குவது வீண் சுற்று. தயாரிப்பாளரே அந்த மாடலுக்கென்று விற்கும் 12 வோல்ட் அடாப்டரை வாங்குங்கள். போவதற்கு முன் ஒரு வாரக் கடைசியில், வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, அப்பாவை ஓர் இரவு அதில் தூங்கச் சொல்லுங்கள். விடியும்போது பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் கிளம்பலாம்.

இரவில் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்கலாமா?

கூடாது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினின் புகை, அடிப்பலகை ஓட்டை வழியாகவோ கதவு இடுக்கு வழியாகவோ உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். ஒரு பக்க ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, கொசுவலை கட்டி, எதிர்ப் பக்க ஜன்னலருகே 12 வோல்ட் காத்தாடியைக் காற்று வெளியே போகும்படி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கூரையில் 100 வாட் சோலார் போட்டால் போதுமா? (ஈப்போ)

வெட்டவெளியில் நல்ல வெயில் அடித்தால் ஒரு நாளைக்கு 300 வாட்-மணி போலக் கிடைக்கும். ஆனால் நாம் வேனை எங்கே நிறுத்துகிறோம்? ஆற்றோரம், மர நிழலில். அங்கே அதில் சொற்பம்தான் வரும். மத்தியானம் இடி மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை.

நான் முதலில் சொல்வது, ஓட்டும்போதே சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜர். 20 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகும் நாலு மணி நேரத்தில் 80 ஆம்பியர்-மணி ஏறிவிடும், அதாவது பேட்டரியின் 12.8 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 1,000 வாட்-மணி. இந்தச் சார்ஜர் இல்லாமல் லித்தியம் பேட்டரியை வேனின் பேட்டரியோடு நேராக இணைத்துவிடாதீர்கள். லித்தியம் கொடுப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும்.

"50,000" என்று போட்ட பவர் பேங்க் வாங்கினேன். பாதி இரவுகூடத் தாங்கவில்லையே?

அந்த 50,000 மில்லி ஆம்பியர்-மணி, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. வாட்-மணியில் 185 தான். எதை வாங்கினாலும் பெட்டியில் வாட்-மணி எவ்வளவு என்று தேடுங்கள். போடவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பத்து ஃபிரிங்கி கடற்கரையில் குளிக்கும்போது பவர் ஸ்டேஷனை (தூக்கிச் செல்லும் பெரிய பேட்டரிப் பெட்டியை) வேனிலேயே பூட்டி வைத்துச் சார்ஜ் போடலாமா? (பட்டர்வொர்த்)

வெயிலில் பூட்டிய வேனுக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். பல லித்தியம் பேட்டரிகள் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்கக் கூடாது. கையேடுகளில் உறைபனி எச்சரிக்கை நிறைய இருக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை, வெயில்தான் கவலை. நிழலில் நிறுத்துங்கள், தரையோடு வையுங்கள், சார்ஜைக் கரை ஏறிய பிறகு போடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். வேனிலிருந்தே பிளெண்டர் ஓட்டி மோர் அடிக்க முடியுமா? (ரவாங்)

முடியும். 450 வாட் பிளெண்டர் ஒரு நிமிஷம் ஓடினால் 7.5 வாட்-மணி. நூறு முறை அடித்தாலும் 750 தான். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. பேட்டரிக்குச் சிரமமில்லை, வயருக்குத்தான் சிரமம். பிளெண்டர் கிளம்பும்போது இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். அதனால் வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தரும் 1,000 வாட் 'சுத்த சைன் அலை' இன்வெர்ட்டர் போடுங்கள். மலிவான 'மாடிஃபைட் சைன்' அலை இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமும், சூடாகும். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒட்டியே வைத்து, நடுவில் 25 சதுர மில்லிமீட்டர் வயரும் 100 ஆம்பியர் ஃபியூஸும் போடுங்கள். வேன் ஸ்டார்ட் ஆகும் பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள். விடிந்து கிளம்பும்போது தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

பந்தலில் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். இன்வெர்ட்டரை வேனுக்குள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வையுங்கள். பிளெண்டரைத் தொடுகிறவர் செருப்போடும் உலர்ந்த கையோடும் நிற்கட்டும். மோரை அவர் அடிக்கட்டும், ஊற்றிக் கொடுப்பது இன்னொருவராக இருக்கட்டும்.