சுபேதாரைக் கேளுங்கள்

ஜவான்களை நாடு கொண்டாடத்தானே செய்கிறது? பிறகு ஏன் உங்களைப் போன்றவர்கள் எப்போதும் குறைப்படுகிறீர்கள்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

கொண்டாடுகிறது தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 15 அன்று என்னையும் ஏதாவது ஒரு பள்ளியில் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். சால்வை, மைசூர்பாகு எல்லாம் உண்டு. நான் பேசுவது மீதி 364 நாட்களைப் பற்றி.

பெரிய ஆளிலிருந்தே ஆரம்பிப்போம். ஃபீல்டு மார்ஷல் மானெக் ஷா. 1971 போரில் ராணுவத் தலைமைத் தளபதி. ஃபீல்டு மார்ஷல் பட்டத்துக்கு ஓய்வு கிடையாது, சாகும்வரை முழுச் சம்பளம் தரவேண்டும். 1973 ஜனவரியில் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு, முழுச் சம்பளத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். 2007-ல்தான் கணக்குப் பார்த்து பாக்கியைத் தந்தார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அப்போது அவருக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது.

அடுத்த ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். நான் அப்போது அங்கே மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் புதிதாகச் சேர்ந்த ரங்கரூட்டுகளுக்குப் பயிற்சி தரும் ஹவில்தார். ஊட்டி பார்சி கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம். சாலையோரம் நீலகிரி ஜனங்கள் நின்றார்கள். டெல்லியிலிருந்து ஒரு இணை அமைச்சர் வந்தார். பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, முப்படைத் தளபதிகளில் ஒருவர்கூட வரவில்லை. தேசிய துக்கமும் இல்லை. ஃபீல்டு மார்ஷலுக்கே இந்தக் கதி என்றால் சிப்பாய் முனியாண்டிக்கு என்ன என்று அன்று இரவு மெஸ்ஸில் ஒருத்தர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, சாப்பாட்டைப் பார்த்தோம்.

இந்தியா கேட்டில் இருக்கும் பெயர்கள் நம் வீரர்களுடையவைதானே?
– வாசகர், நாகர்கோவில்

நம் ஆட்கள்தான், ஆனால் வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்கள். முதல் உலகப்போர், மூன்றாம் ஆப்கன் போர். 1972 குடியரசு தினத்தன்று அந்த வளைவுக்குக் கீழே அமர் ஜவான் ஜோதியை வைத்தார்கள். ஜோதி நம்முடையது, சுவரில் இருந்த பெயர்கள் பழையவை. 1962, 1965, 1971, கார்கில் என்று செத்தவர்களின் பெயர்களையெல்லாம் தாங்கிய தேசியப் போர் நினைவுச்சின்னம் டெல்லியில் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25-ஆம் தேதிதான். பொறித்த பெயர்கள் 25,942. சுதந்திரம் வந்து 71 வருடம் கழித்து.

இதில் ஒரு வேடிக்கை. இலங்கைக்குப் போன அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் மாண்டார்கள். 1987 நவம்பர் 25 அன்று இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அவர்களில் ஒருவர். அவர்களுக்கு இலங்கை அரசு கொழும்புக்குப் பக்கத்திலேயே நினைவுச்சின்னம் கட்டிவிட்டது. டெல்லி அதற்குப் பிறகுதான். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத் தமிழர்கள் மீது அந்தப் படை கை வைத்ததுதான் அவர் சொன்ன காரணம். அங்கே நடந்தவற்றை நான் மறைக்க மாட்டேன், யாழ்ப்பாண மருத்துவமனையில் நடந்த கொலைகள் உட்பட. ஆனால் போ என்று அனுப்பியவர்களை விட்டுவிட்டு, போனவனிடம் முகத்தைத் திருப்புவது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

என் கணவர் 15 வருடம் சர்வீஸ் செய்து, 2011-ல் ரத்த அழுத்தத்தால் மெடிக்கல் போர்டு மூலம் வெளியே வந்தார். 30 சதவீத ஊனம் என்று எழுதிவிட்டு, பணியால் வந்த நோய் இல்லை என்று ஊன பென்ஷனை மறுத்துவிட்டார்கள். ஏதாவது வழி உண்டா?
– வாசகி, கரூர்

உண்டு அம்மா. இந்த ஒரு வரியைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. என்னோடு ஒரே பிளாட்டூனில் இருந்தவர் பனிமலையில் முட்டியைத் தொலைத்துவிட்டு வந்தார். அவருக்கும் இதே வரிதான். சேர்க்கும்போது நெஞ்சளவு, கண், காது, பல் என்று எல்லாம் பார்த்து நல்ல உடம்பு என்று முத்திரை குத்துகிறார்கள். வெளியே அனுப்பும்போது நோய் எங்கிருந்து வந்ததோ தெரியாது என்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. சேரும்போது அந்த நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லாவிட்டால், பணியில் வந்ததாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை, ஜவானின் வேலை அல்ல. அப்புறமும் அரசு அப்பீலுக்கு மேல் அப்பீல் போட்டது. ஊன சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் விஷயத்தில் 2014 டிசம்பரில் நூற்றுக்கணக்கான அப்பீல்களை ஒரே நாளில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தைப் பென்ஷனாகக் கொடுத்திருக்கலாம். இது என் கணக்கு.

உங்கள் கணவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அது நல்லது. டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு அறிக்கை, மறுப்புக் கடிதம் மூன்றின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு அறிக்கை கையில் இல்லை என்றால் ரெக்கார்டு ஆபீசுக்கு ஆர்மி நம்பரைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள், தரவில்லை என்றால் தகவல் உரிமை மனு போடுங்கள். முதலில் துறைக்குள்ளேயே மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. காலதாமதத்துக்கு மன்னிப்பு மனுவும் சேர்த்துத்தான் போடவேண்டியிருக்கும், பழைய பாக்கி முழுவதும் வரும் என்று நம்பிவிடாதீர்கள். கரூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்து அவருடையது வேண்டும்.