மேகத்துக்குள் பறக்கும் கருவிகள்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): ஓடும் விமானத்திலிருந்து மேகத்துளியை எப்படி அளக்கிறார்கள் சார்? பிடித்து வைத்தா?

பதில்: பிடிப்பதில்லை, பறந்தபடியே எண்ணுகிறார்கள். இறக்கைக்குக் கீழே தொங்கும் கருவியின் முன்புறம் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கிடையே லேசர் ஓடும். துளி குறுக்கே போனால் ஒளி சிதறும். எவ்வளவு சிதறுகிறது என்பதை வைத்துத் துளியின் பருமனைக் கணக்கிடலாம். சுமார் 2 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இந்த முறைதான். அதைவிடப் பெரிய துளி, பனிப்படிகம் என்றால், ஒளியை உணரும் டையோடுகளின் வரிசைமேல் விழும் நிழலைப் படமாக்குவார்கள்.

லேசரில் உண்மையாக அளக்கும் இடம் சுமார் 0.3 சதுர மில்லிமீட்டர். விமானம் நொடிக்கு 100 மீட்டர் போகிறது என்றால், ஒரு நொடியில் சோதிக்கப்படுவது வெறும் 30 கன சென்டிமீட்டர் காற்று. அதனால்தான் ஒரே மேகத்தை வெவ்வேறு உயரங்களில் திரும்பத் திரும்ப ஊடுருவுகிறார்கள்.

கேள்வி (இயற்பியல் ஆசிரியர், திருச்சி): பழைய அளவீடுகளில் சின்னப் பனிப்படிகங்கள் மிகையாக இருந்தனவாமே?

பதில்: ஆமாம், இந்தத் துறையில் நான் மிக முக்கியமாக நினைக்கும் பாடம் இதுதான். பெரிய படிகம் அந்த வேகத்தில் கருவியின் கைமுனையில் மோதினால் நொறுங்கும். ஒன்று நூறாகும். சில்லுகள் லேசருக்குள் பாய, கருவி எல்லாவற்றையும் மேகத்தின் கணக்கில் எழுதிவிடும். கனடா விஞ்ஞானி அலெக்சி கொரோலெவ் வடிவமைத்த முனைகள் சில்லுகளை லேசரிலிருந்து விலக்கிவிடுகின்றன. இயற்கையான படிகங்கள் இடைவெளிவிட்டு வரும், சில்லுகளோ கொத்தாக வரும். அந்த நேர வித்தியாசத்தை வைத்தும் மென்பொருள் வடிகட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம்.

கேள்வி: ஏரோசாலை, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள்களை, அளப்பதிலும் இதே தொல்லை உண்டா?

பதில்: உண்டு. வெளிக்காற்றைக் குழாய் வழியாக உள்ளே எடுக்கும்போது, மேகத்துளிகள் குழாய் வாயில் மோதிச் சிதறிப் பொய்த் துகள்களை உண்டாக்கும். துளிக்குள் இருக்கும் துகளே வேண்டும் என்றால் குழாயிலிருந்து எதிர்த்திசையில் காற்றை ஊதுவார்கள். லேசான துகள்கள் ஒதுங்கிவிடும், கனமான துளி மட்டும் உள்ளே வரும். அதை ஆவியாக்கினால், எந்தத் துகளைச் சுற்றி அது உருவானதோ அது மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

கேள்வி: டிரோன் போதாதா? எதற்கு இவ்வளவு பெரிய விமானம்?

பதில்: சில வேலைகளுக்குப் போதும். தமிழ்நாட்டில் பிறந்த விஞ்ஞானி வி. ராமநாதனின் குழு 2006 மார்ச்சில் மாலத்தீவில் மூன்று ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டது. ஒன்று மேகத்துக்கு மேலே, ஒன்று உள்ளே, ஒன்று கீழே. மேலும் கீழும் ஒரே நேரத்தில் சூரிய ஒளியை அளந்ததால், நடுவிலுள்ள காற்று எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது தெரிந்தது. பழுப்புப் புகைமூட்டம் கீழ் வளிமண்டலத்தில் சூரிய வெப்பமேற்றலை ஏறத்தாழ 50 சதவீதம் கூட்டுகிறது என்று 2007இல் வெளியிட்டார்கள். ஆனால் கனமான கருவிகள் பலவற்றை ஒன்றாகத் தூக்கிப்போக இன்னும் விமானம்தான்.

கேள்வி: நம் நாட்டில் இதெல்லாம் நடக்கிறதா?

பதில்: புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009இல் ‘கைபெக்ஸ்’ என்ற மேக ஆய்வுத் திட்டத்தில் இதைத் தொடங்கியது. 2018, 2019இல் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில் நடந்த கட்டத்தில், ஒரு விமானம் மழையைத் தூண்ட மேகத்தில் துகள் தூவ, இன்னொன்று அளந்தது.

கேள்வி (பள்ளி மாணவர், நெல்லை): இடிமேகத்துக்குள்ளும் போவார்களா?

பதில்: பொதுவாக அதன் நடுப்பகுதியைத் தவிர்த்துவிடுவார்கள் தம்பி. அமெரிக்காவில் கவசம் பூட்டிய டி-28 விமானம் ஒன்று ஆலங்கட்டி மேகங்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் பறந்தது. நாசாவின் ஈஆர்-2 இன்னொரு வழி: சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து, ரேடாரும், லேசர் ஒளியால் அளக்கும் லைடாரும் கொண்டு மேகத்தை மேலிருந்து பார்க்கிறது.